பறவைக் காய்ச்சல்: குழம்புக்குப் பயந்து என்ன பிரயோஜனம்?

ஆலப்புழையில் வாத்துகள் கொத்துக் கொத்தாகச் செத்தன என்று செய்தி வந்தால் போதும், இங்கே நாமக்கல் முட்டைக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைய ஆரம்பித்துவிடும், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கூட்டமும் குறையும். ஆனால் அதே வாரத்தில், கொல்லையில் காரணம் தெரியாமல் சுருண்டு விழுந்த கோழியை "வீணாப் போகுதே" என்று அவசரமாக அறுத்து, வெந்நீரில் முக்கி, வெறுங்கையால் இறகு பிடுங்குகிறவர்களுக்கு மட்டும் எந்தப் பயமும் வராது.

கறியின் உள்பகுதி வரை 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் வைரஸ் செத்துவிடும். நம் குழம்பு கொதிக்கிற கொதிக்கு அது தாக்குப்பிடிக்காது. நோய் வந்த பகுதியில் ஆஃப்பாயிலும் கலக்கியும் வேண்டாம், பச்சைக்கறி வெட்டிய பலகையைக் கழுவாமல் அதிலேயே வெங்காயம் நறுக்க வேண்டாம். சாப்பாட்டு விஷயம் அவ்வளவுதான்.

தொற்று இருப்பது நோயுள்ள பறவையின் எச்சத்தில், மூக்குச் சளியில், ரத்தத்தில். அறுக்கும்போது தெறிக்கிற துளியும், காய்ந்த எச்சத்தைப் பெருக்கும்போது கிளம்பும் தூசியும் கண்ணுக்கும் மூக்குக்கும் போகின்றன. 1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றி 6 பேர் இறந்தபோது, உயிர்க்கோழிச் சந்தைகள்தான் முக்கியக் காரணமாகத் தெரிந்தன. 2003க்குப் பிறகு உலகம் முழுக்க உறுதியான மனிதத் தொற்று 900க்கு மேல், அதில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது எளிதில் பரவுவதில்லை. வருவது அபூர்வம், வந்தால் மோசம்.

கிராமத்தில் அடிக்கடி நடக்கிற தவறு, கோழிக்கு வழக்கமாக வரும் வேறொரு நோயைச் சொல்லி "வெள்ளைக்கழிச்சல்தான்" என்று நாமே முடிவு கட்டுவது. கழுத்து திருகுவதும், பச்சையாகக் கழிவதும், திடீர்ச் சாவும் இரண்டிலுமே உண்டு. கொண்டை நீலம் பாய்ந்து, தலை வீங்கி, காலில் ரத்தத் திட்டு தெரிந்தால் சந்தேகம் வலுக்கும், ஆனால் கண்ணால் பார்த்து டாக்டரே உறுதி சொல்ல முடியாது, மாதிரி போபாலில் உள்ள ஆய்வகத்துக்குப் போக வேண்டும். நாலைந்து கோழி அடுத்தடுத்து விழுந்தால் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்தாலும் சரி.

சொன்னால் மிச்சக் கோழியையும் அழித்துவிடுவார்களே என்று பயந்து, ராத்திரியோடு ராத்திரியாக வியாபாரிக்குத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரிந்து கிடையாது. அந்தக் கூண்டு, வண்டிச் சக்கரம், முட்டை அட்டை, செருப்பு எல்லாமே அடுத்த பண்ணைக்கு நோயைக் கொண்டுபோகும். நோய் உறுதியானால் சுமார் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளை அழிப்பார்கள், அதற்கு அரசு இழப்பீடு உண்டு. பணம் தாமதமாகிறது என்ற குறை நியாயமானதுதான், அதற்காக மறைத்தால் ஊரே சேர்ந்து நட்டப்படும்.

வாத்தையும் கோழியையும் ஒன்றாக அடைப்பதும் வேண்டாம். சில வாத்துகள் எந்த அறிகுறியும் இல்லாமலே வைரஸைச் சுமந்து எச்சத்தில் வெளியேற்றும். அறுவடை வயலில் வலசைப் பறவைகள் இறங்கிய அதே தண்ணீரில்தான் அவையும் மேய்ந்து வருகின்றன. ஆலப்புழைப் பக்கத்துக் குட்டநாட்டில் இது திரும்பத் திரும்ப வருவதற்கு அந்த நீர்நிலைகளும் ஒரு காரணம்.

செத்ததை வாய்க்காலில் வீசுவது, நாய்க்குப் போடுவது... சரி, நாய்தானே என்று நினைக்காதீர்கள், பாலூட்டிகளுக்கும் இது தொற்றும். நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் 2024 கடைசியில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 தொற்றி இறந்தன. அதே ஆண்டு அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கு இது பரவியபோது, காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. முகமூடியும் கையுறையும் போட்டு, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அதுவும் கால்நடைத் துறைக்குச் சொன்ன பிறகு.

அப்புறம், கோழியோடு புழங்கியவருக்குப் பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் வந்தாலோ, வெறும் கண் சிவந்தாலோகூட, மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள், வைரஸுக்கு அது வேலை செய்யாது. ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, "எங்க வீட்ல கோழி செத்துது டாக்டர்" என்பதைத்தான். அவராக அதைக் கேட்க வாய்ப்பில்லை.