வடசென்னையிலிருந்து வெளிநாட்டு இதழ்களுக்குப் படம் வரைவது எப்படி?

1941-இல் நெதர்லாந்தில் பிறந்து ‘வில்லெம்’ என்ற பெயரில் வரைந்த பெர்னார்ட் ஹோல்ட்ரோப், ஆம்ஸ்டர்டாமில் அதிகாரத்தை எதிர்த்த இளைஞர் இயக்கமான புரோவோவினரோடு சேர்ந்து கேலிச்சித்திரங்கள் வெளியிட்ட பின், 1968-இல் பாரிசுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ‘ஹரா-கிரி’, ‘சார்லி ஹெப்டோ’ ஆகிய நையாண்டி இதழ்களிலும், பிறகு ‘லிபரேசியோன்’ நாளிதழிலும் பல்லாண்டுகள் வரைந்து, 2013-இல் அங்கூலேம் சித்திரக்கதை விழாவின் உயரிய விருதையும் பெற்றார். வேற்றுமொழி பேசும் நாட்டில் அவர் வேரூன்றியதற்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும் அவருடைய கறுப்பு மைக் கோடே முதற்காரணம் என்பேன். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ இருந்துகொண்டு அயல்நாட்டு இதழ்களுக்கு வரைய விரும்புவோரும் அப்படிச் சொல்லில்லாமலே புரியும் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பயிற்சிக்குக் காசிமேடு மிகப் பொருத்தமான இடம். விடிவதற்கு முன்பே களைகட்டும் மீன் ஏலத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்து வரையுங்கள்: விலை கேட்பது, விலை படியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது, கூடை கைமாறுவது. பேச்சுக்குமிழ் எதுவும் வேண்டாம். ஏலம் கூறுபவரின் நீட்டிய கையையும், கூடையின் விளிம்பை விடாமல் பற்றியிருக்கும் அம்மாவின் விரல்களையும் சரியாகப் பிடித்துவிட்டால் மீதியைப் பார்ப்பவரே புரிந்துகொள்வார். வரைந்ததை அந்த ஏலத்தைக் கண்டிராத ஒருவரிடம் காட்டி, அவர் விளக்கம் கேட்டால் மறுபடியும் வரையுங்கள். அங்கே எல்லோரும் பிழைப்பில் இருக்கும் நேரம் அது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஓரமாக நின்று வரைவதே மரியாதை.

இப்படிப் பத்துப் படங்கள் சேர்ந்தால் போதும். சென்னை என்றதும் கோபுரத்தையும் ஆட்டோவையும் வரைந்து அனுப்பும் பழக்கத்தைக் கைவிடுங்கள். நீங்கள் மட்டுமே பார்த்த தெருவைத்தான் இதழாசிரியர் தேடுகிறார். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்களை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து, முதல் மின்னஞ்சலில் சிறிய பிடிஎஃப் மட்டும் அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் அந்த இதழின் சில பழைய பிரதிகளையாவது புரட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

வேலை கிடைத்தவுடன் பலர் கோட்டைவிடுவது ஒப்பந்தத்தில்தான். நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். வெளிநாட்டு இதழ்கள் தம் நாட்டுச் சட்டத்தையே ஒப்பந்தத்தில் எழுதக்கூடும் என்பதால், எத்தனை ஆண்டுகள், எந்தெந்த நாடுகள், அச்சுக்கு மட்டுமா இணையத்துக்கும் சேர்த்தா, படம் வெளியாகாமல் போனால் எவ்வளவு தருவார்கள் என்பவற்றை வரைவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். மூலப்படம் உங்களுடையது என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

பணம் பெற வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும்போது வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டை உங்கள் வங்கிக் கிளையில் கேட்டு வாங்கி விலைப்பட்டியலில் சேர்த்து அனுப்பி, தொகை வந்ததும் வங்கி தரும் அந்நியச் செலாவணி வரவுச் சான்றை வருமான வரிக் கணக்குக்காகப் பத்திரப்படுத்துங்கள்.