பாதிப் பேர் வகுப்பறையில், பாதிப் பேர் திரையில்: முதலில் ஒலியைச் சரி செய்யுங்கள்

மூன்று வாரம் பாடம் நடத்திய பிறகு ஒரு மாணவி செய்தி அனுப்பியிருந்தார்: "நீங்கள் சொன்ன பதில்கள் எல்லாம் கேட்டன. கேள்விகள்தான் ஒன்றும் கேட்கவில்லை." அறையில் இருந்தவர்கள் கேட்ட கேள்வி எதுவும் வெளியே போகவே இல்லை. வீட்டில் இருந்தவர்கள் மூன்று வாரமாகப் பதிலை வைத்துக் கேள்வியை ஊகித்திருக்கிறார்கள்.

அந்த வெட்கத்தில் கற்றுக்கொண்டதுதான் இது. கூட்டம் தொடங்குவது, லிங்க் அனுப்புவது எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் ஜூமை வைத்துச் சொல்கிறேன். மற்ற செயலிகளிலும் கதை இதேதான்.

படி 1: காலர் மைக்

கேமராவுக்குச் செலவு செய்யாதீர்கள். படம் மங்கலாக இருந்தால் மாணவர் பொறுத்துக்கொள்வார், குரல் மங்கினால் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாது, ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி கலந்து சொற்கள் குழைந்துவிடும். ஆகவே லேப்டாப்பின் மைக்கை நம்பி நடமாட முடியாது. முகவாய்க்கு ஒரு சாண் கீழே காலர் மைக், அதன் ரிசீவர் லேப்டாப்பில். மேசை நடுவில் வைக்கும் வட்ட மைக் பத்துப் பேர் உட்காரும் அறைக்குச் சரி. பெரிய வகுப்பில் அது மின்விசிறியைத்தான் நன்றாகக் கேட்கும்.

காலர் மைக்கில் உங்கள் குரல் மட்டுமே தெளிவாக விழும். அதனால் அறையில் யார் கேள்வி கேட்டாலும், பதிலுக்கு முன் கேள்வியை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள். பழக்கமாக எனக்கு ஒரு மாதம் ஆனது. முன் வரிசை மாணவர் ஒருவரை, நான் மறந்தால் கையைத் தூக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

படி 2: எதிரொலி (நான் விழுந்த குழி)

கரும்பலகையைக் காட்ட என் கைபேசியையும் அதே கூட்டத்தில் இணைத்தேன். உடனே ஒரே ஊளை. கைபேசி மைக்கை மியூட் செய்தேன், ஊளை நின்றது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் வெளியில் இருந்தவர்கள் தங்கள் குரலே தங்களுக்குத் திரும்பி வருகிறது என்றார்கள். அறையில் எனக்கோ எதுவும் கேட்கவில்லை.

காரணம் இதுதான். லேப்டாப் தன் ஸ்பீக்கருக்கு எந்த ஒலியை அனுப்பியது என்று அதற்குத் தெரியும். மைக்கில் அதே ஒலி வந்தால் கழித்துவிடும். பக்கத்தில் இருக்கும் கைபேசியின் ஸ்பீக்கரில் என்ன வருகிறது என்று அதற்குத் தெரியாது. எனவே அதை யாரோ பேசுவதாக எண்ணித் திருப்பி அனுப்பும். மியூட் செய்தால் மைக் மட்டும்தான் மூடும், ஸ்பீக்கர் மூடாது. இரண்டாவது கருவியில் ஒலி இணைப்பையே துண்டிக்க வேண்டும்.

ஓர் அறைக்கு ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், இரண்டும் ஒரே லேப்டாப்பில். அறையில் இருந்தபடி லேப்டாப்பில் சேரும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். இன்னொன்று: எதிரொலி உங்கள் அறையில் பிறக்கும், அவர்கள் காதில்தான் விழும். வகுப்புக்கு முன் வெளியில் இருக்கும் ஒருவரை ஹெட்போன் மாட்டி ஒன்று, இரண்டு, மூன்று சொல்லச் சொல்லுங்கள். அவர் குரல் அவருக்கே திரும்பக் கேட்டால், ஒலி இணைந்த இன்னொரு கருவி அறைக்குள் எங்கோ இருக்கிறது.

படி 3: பலகை

கரும்பலகையைக் கேமராவில் காட்டும் முயற்சியைக் கைவிட்டேன். வெளிச்சம் அடிக்கும், பாதி நேரம் என் முதுகு மறைக்கும். டேப்லெட்டில் எழுதி, அதையே கூட்டத்திலும் புரொஜெக்டரிலும் காட்டினால் எல்லோருக்கும் ஒரே பலகை. (டேப்லெட்டையும் கூட்டத்தில் சேர்ப்பதாக இருந்தால், படி 2 நினைவிருக்கட்டும்.) காணொளி போடும்போது திரைப் பகிர்வில் ஒலியையும் பகிரும் பெட்டியை டிக் செய்யுங்கள்.

படி 4: திரையில் இருப்பவர்களைப் பேச வைப்பது

ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடியாவது காத்திருந்தால் பதில்கள் நீளமாக வருகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். திரையில் இருப்பவருக்கு இணையத் தாமதமும் மியூட்டை எடுக்கும் நேரமும் சேரும். நான் பத்து வரை எண்ணுகிறேன். முதல் வாய்ப்பு எப்போதும் திரைக்கு, பிறகுதான் அறைக்கு. சாட் பெட்டியில் வரும் செய்திகளைக் கவனிக்க வாரம் ஒரு மாணவர். பாடமும் நடத்திக்கொண்டு அவற்றையும் படிக்க என்னால் முடியாது.

குழு வேலையில் இரு தரப்பையும் கலக்காதீர்கள். நான் கலந்தேன்; ஒரே அறையில் ஆறு லேப்டாப் பேசினால் என்ன ஆகும் என்பதைப் படி 2 சொல்லிவிட்டது. 2006இல் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹைஃபிளெக்ஸ் முறையை (அறையில் வருவதா, இணையத்தில் சேருவதா என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கும் முறை) உருவாக்கிய பிரையன் பீட்டி சமானத்தை ஒரு கொள்கையாகவே வைத்தார்: எந்த வழியில் வந்தாலும் கற்றலின் பலன் ஈடாக இருக்க வேண்டும், செயல்பாடு ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. இப்போது அறைக் குழுக்கள் அறையில், மற்றவர்கள் ஜூமின் பிரிவு அறைகளில் (breakout rooms), எல்லோரும் எழுதுவது ஒரே பகிர்வு ஆவணத்தில்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஓர் ஆசிரியர், காலர் மைக்குக்குப் பதில் ப்ளூடூத் இயர்போன் போட்டதும் குரல் தொலைபேசியில் பேசுவதுபோல் ஆகிவிட்டது என்றார். பழுது இல்லை. மைக்கும் இயங்கும்போது பெரும்பாலான ப்ளூடூத் இயர்போன்கள் அழைப்புக்கான குறைந்த தரத்துக்கு மாறிவிடும். காலர் மைக் கிடைக்கும்வரை மைக் வைத்த ஒயர் இயர்போனே மேல். ஒயர் நீளத்துக்கு மேல் நடக்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் அதைப் போட்டால் வெளியில் இருப்பவர்களின் குரல் உங்கள் காதில் மட்டும்தான் விழும், அறைக்குக் கேட்காது. அமைப்புகளில் மைக்காக இயர்போனையும் ஸ்பீக்கராக அறை ஸ்பீக்கரையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள்.