சேப்பங்கிழங்கு வறுவல்: தவறு வாணலியில் இல்லை

சேப்பங்கிழங்கு வறுவல் கொழகொழவென்று போய்விட்டால் எண்ணெய் போதவில்லை, தீ போதவில்லை என்றுதான் பெரும்பாலும் சொல்வோம். உண்மையில் அது வாணலிக்கு வருமுன்பே, வேகும்போதே கெட்டிருக்கும்.

குக்கரில் மூன்று விசில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவதுதான் பெரிய தவறு. இந்தக் கிழங்குக்கு இயல்பிலேயே ஒரு வழவழப்பு உண்டு. குழைய வெந்தால் அது மேலே வந்து ஒட்டிக்கொள்ளும்; பிறகு எத்தனை கரண்டி எண்ணெய் ஊற்றினாலும் மசியல்தான். நான் குக்கரையே தொடுவதில்லை. கடையிலேயே ஒரே அளவுக் கிழங்காகப் பொறுக்கிக்கொள்வேன். கொதிக்கும் தண்ணீரில் போட்டு 10 நிமிடத்தில் கத்தி முனையால் குத்திப் பார்ப்பேன். முனை இறங்க வேண்டும், நடுவில் சற்றே தடுக்க வேண்டும். அந்தப் பதத்தில் வடித்துவிட வேண்டும். பெரிய கிழங்கானால் இன்னும் 5 நிமிடம் கேட்கும். அதற்காக வேகவைக்காமலே வறுக்கப் போகாதீர்கள். அதிலுள்ள ஊசி போன்ற நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தொண்டையை அரிக்கும். வேகும் தண்ணீரில் கொஞ்சம் புளி கரைத்துவிடுவது அந்த அரிப்புக்காகத்தான்.

அடுத்தது அவசரம். சூட்டோடு உரித்து நறுக்கினால் கத்தியெல்லாம் பசை. நன்றாக ஆறவிட்டு, உரித்து, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள். மாவுச்சத்து இறுகி, வில்லை வில்லையாக நறுக்க வரும். விருந்து என்றால் முந்தின இரவே வேகவைத்து வைத்துவிடுவேன்.

உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி ஊறட்டும் என்று விட்டுவிடுவது மீனுக்குச் சரி. இங்கே உப்பு நீரை இழுத்துக் கிழங்கை நசநசக்க வைக்கும். மஞ்சள், மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு எல்லாம் கடைசி நேரத்தில்தான். அரைக் கிலோவுக்கு இரண்டு ஸ்பூன் அரிசி மாவு, ஒரு ஸ்பூன் கடலை மாவு போதும். தண்ணீர் தெளிக்கவே கூடாது. வாயுவுக்குப் பயந்தவர்கள் ஒரு சிட்டிகை ஓமம் கசக்கிப் போடலாம். எனக்கு அந்த வாசனைக்காகவே பிடிக்கும்.

வறுக்க வாணலியைவிட, அகலமான இரும்புத் தோசைக்கல்லே நல்லது. ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, நடுத்தீயில் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கரண்டி போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் மாவு உதிர்ந்து கல்லில் கருகும். அடிப்பக்கம் சிவந்ததும் தானே கல்லை விட்டுவிடும். அப்போது திருப்பினால் போதும். மூடி போடவே போடாதீர்கள்.

சேனைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். சில ஊர்களில் அதையே கருணை என்பார்கள். ஆனால் பிடிகருணையை வாங்கி வந்து வறுவலுக்கு முயலாதீர்கள், அது மசியலுக்குப் பிறந்தது. உருளைக்கிழங்கில் வேறொரு தொல்லை: ஃப்ரிட்ஜில் வைத்திருந்த பச்சை உருளையில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும். உள்ளே வேகுமுன் மேலே கறுத்துவிடும்.

வறுத்ததைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, இலையில் சாதம் விழுந்து, ரசம் ஊற்றிய பிறகுதான் தோசைக்கல் அடுப்பை விட்டு இறங்கும்.