அப்பாஸ்ட்ரஃபியை எங்கே இடுவது?

ஆங்கிலத்தில் ஒன்று யாருடையது என்று காட்டி எழுதும்போது அப்பாஸ்ட்ரஃபி (’) குறி எஸ் எழுத்துக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்று தடுமாறுபவர்கள், முதலில் ‘யாருடையது?’ என்று தமிழிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு விடையாக வரும் ஆங்கிலச் சொல்லை முழுமையாக எழுதி முடித்த பிறகே குறியை இட வேண்டும்.

‘மாணவரின் அறை’ என்றால் விடை ‘ஸ்டூடண்ட்’. அதை எழுதி, குறியிட்டு, எஸ் சேர்க்கிறோம். ‘மாணவர்களின் அறை’ என்றால் விடை ‘ஸ்டூடண்ட்ஸ்’. அந்தப் பன்மைச் சொல்லே எஸ் எழுத்தில் முடிந்துவிடுவதால் குறி மட்டும் போதும். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிப்பதால் ஓசையை நம்பி எழுதுவது பிழைக்கே வழிவகுக்கும். ‘சில்ட்ரன்’, ‘மென்’ போன்றவை பன்மையானாலும் எஸ் எழுத்தில் முடியாதவை. எனவே குறியும் எஸ்ஸும் சேர்ந்தே வரும். எஸ் எழுத்தில் முடியும் ஜேம்ஸ் போன்ற பெயர்களுக்குக் குறி மட்டும் இடுவது, குறியும் எஸ்ஸும் சேர்ப்பது என இரு முறைகளும் ஏற்கப்படுகின்றன; ஒரே கட்டுரைக்குள் மாற்றி மாற்றி எழுதாதிருந்தால் சரி.

நன்றாக எழுதுபவர்களையும் வழுக்கிவிடும் சொல் ‘இட்ஸ்’ என்பதே. ‘அதனுடைய’ என்ற பொருளில், ‘ஹிஸ்’ என்பதற்கு இல்லாதது போலவே, இதற்கும் குறி கிடையாது. குறியிட்டால் அது ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்பதன் சுருக்கமாகிவிடும். ஐயம் வந்தால் அந்த இடத்தில் ‘இட் இஸ்’, ‘இட் ஹாஸ்’ என விரித்துப் படித்துப் பாருங்கள். இரண்டுமே பொருந்தாவிட்டால் குறியை நீக்கிவிடலாம்.

இருவருக்கும் பொதுவான ஒரே வீடு என்றால் இரண்டாவது பெயருக்கு மட்டும் குறி. தனித்தனி வீடுகள் என்றால் இரு பெயர்களுக்கும் இட வேண்டும்.