எரிமலைப் பாறையில் வாயு ஓட்டம்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் ஹட்டனில் என் வீட்டுக்கு நான்கு பிள்ளைகள் வந்தார்கள். புவிச்சரிதவியல் இறுதியாண்டு. 2011இல் மன்னார்ப் படுகையில் டொராடோ, பரகுடா கிணறுகளில் வாயு கிடைத்ததைப் பள்ளிக்கூட நாட்களில் கேள்விப்பட்டு, அதிலிருந்தே இந்தத் துறையில் ஆசை வைத்தவர்கள். எரிமலைப் பாறையில் தோண்டிய ஒரு வாயுக் கிணற்றின் மூன்று நாள் சோதனைத் தரவை அவர்களுக்குப் பயிற்சிக்காகக் கொடுத்திருந்தேன். நான்கு பேரும் முதல் சில மணி நேரப் புள்ளிகளில் அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுத்து, அதை நம்பிப் பத்து வருட உற்பத்தியையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்.

இருபது வருடங்களுக்கு முன் நான் இழுத்த அதே கோடு. அதனால்தான் இதை எழுதுகிறேன். அலகு மாற்றத்தில் பிழை, வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்ற மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை இரண்டு முறை அடிபட்டால் தாமாகத் திருந்திவிடும்.

துளையைப் பார்த்து மயங்குவது

எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ளே மாட்டிய வாயு, குமிழிகளாக நின்று துளைகளை விடும். கையில் எடுத்தால் கல் ஆப்பம் மாதிரி இருக்கும். உடனே "நல்ல நுண்துளைமை, நல்ல கொள்படுகை (வாயு தேங்கிக் கிடக்கும் பாறை)" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் ஆப்பத்தின் கண்கள் போலவே அந்தக் குமிழிகளும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் நிற்கும். பல குமிழிகளைப் பின்னால் வந்த சுடுநீர் கல்சைற்று, சியோலைற்று போன்ற கனிமங்களால் அடைத்தும் இருக்கும். வாயு இருப்பது ஒன்று, அது நகர்வது வேறொன்று. நகர வேண்டுமென்றால், ஆறும்போது விழுந்த வெடிப்போ, பின்னர் நிலம் அசைந்ததில் விழுந்த வெடிப்போ, அமில நீர் கரைத்த வழியோ அந்தக் குமிழிகளை இணைத்திருக்க வேண்டும். சீனாவின் சொங்லியாவோ படுகையிலும், ஜப்பானின் மினாமி நாகஒகாவிலும் ரயோலைற்று என்ற எரிமலைப் பாறையிலிருந்து வாயு எடுக்கிறார்கள். இந்தியாவில் ராஜஸ்தானின் ராகேஸ்வரி ஆழ்வாயு வயலில் எரிமலைப் பாறையின் இறுக்கம் காரணமாகக் கிணற்றுக்குள் நீரை அழுத்திச் செலுத்திப் பாறையைப் பிளந்துதான் எடுக்க முடிகிறது.

முதல் நாள் ஓட்டத்தை நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

நான் வேலைக்குப் போன முதல் வருடம். வெளிநாட்டு வயல் ஒன்று, பசால்ட்டும் எரிமலைச் சாம்பல் பாறையும் மாறி மாறி வரும் கிணறு. திறந்தவுடன் வாயு பொங்கியது. மூன்று நாள் ஓடவிட்டு, ஒரு நாள் மூடி, அழுத்தம் ஏறுவதைப் பதிந்தோம். மூடிய பிறகு ஏறிய அழுத்தம், கிணற்றைத் திறக்குமுன் இருந்த அளவுக்கு வரவில்லை. கொஞ்சம் கீழேயே நின்றது. அதை நான் "அளவுக் கருவியின் பிழை" என்று அறிக்கையில் எழுதினேன். அந்த அறிக்கையை நம்பித் தரைக்கு மேல் குழாயும் சுத்திகரிப்புத் தொகுதியும் போட்டார்கள். எட்டு மாதத்தில் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. கருவியில் ஒரு பிழையும் இல்லை.

நடந்தது இதுதான். இந்தப் பாறையில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. வெடிப்புகளின் கொள்ளளவு, பாறையின் மொத்தக் கன அளவில் வழக்கமாக 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் வாயு அவற்றில் ஓடி வரும். வாயுவின் பெரும்பகுதி கிடப்பது வெடிப்புகளுக்கு நடுவே உள்ள இறுகிய பாறையில். அங்கே ஊடுபுகவிடும் இயல்பு பல இடங்களில் 0.1 மில்லிடார்சியைக் (அந்த இயல்பை அளக்கும் அலகு) கூட எட்டாது. கிணற்றைத் திறந்தால் முதலில் வெடிப்புகள் காலியாகும். இறுகிய பாறை மெல்ல மெல்லத்தான் அவற்றை நிரப்பும். இந்த இரட்டை ஓட்டத்தை 1963இல் வாரன், ரூட் இருவரும் கணித வடிவில் வைத்தார்கள். நேரத்தை மடக்கை அளவில் போட்டு அழுத்தத்தை வரைந்தால், சமாந்தரமான இரண்டு கோடுகளும் அவற்றுக்கு நடுவே ஒரு தட்டையான இடைப்பகுதியும் வரும். என் சோதனை அந்த இடைப்பகுதியைத் தொடுமுன்பே முடிந்துவிட்டது. முதல் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு முழுக்கதையும் தெரிந்ததாக நினைத்தேன்.

அதோடு நிற்கவில்லை. வாயு வெளியேற வெளியேற உள்ளழுத்தம் குறையும். வெடிப்பைத் திறந்து வைத்திருந்த தாங்கல் போய், மேலே உள்ள பாறையின் பாரம் அதை நெருக்கும். வெடிப்பு வழியான ஓட்டம் அதன் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 0.2 மில்லிமீற்றர் வெடிப்பு 0.1 ஆனால் ஓட்டம் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். தொடக்கத்தில் அதிகம் எடுக்கிறோம் என்று கிணற்றை முழுதாகத் திறந்துவிட்டால், அந்த வேகமே வழியை அடைக்கிறது.

எனக்கு இது சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் லயத்துக்குப் பின்னால் இரண்டு பீலி, அதாவது மலை நீர் விழும் குழாய், இருந்தது. ஒன்று கருங்கல் வெடிப்பிலிருந்து விழுவது. ஆடி மாத மழையில் வாளி நிமிடத்தில் நிறையும், மாசியில் நூல் மாதிரி ஆகி நின்றுவிடும். மற்றது தேயிலை மேட்டின் அடியில், ஆழமாக உக்கிய மண்ணிலிருந்து கசிவது. எப்போதும் மெதுவாகத்தான் வரும், ஆனால் நான் அங்கே இருந்த காலம் முழுக்க அது வற்றியதில்லை. "பெரிய பீலிய நம்பி உலை வைக்காத" என்று அம்மா சொல்லுவார். அவர் குடத்தை வைத்தது எப்போதும் சின்னப் பீலியில்தான்.

அதனால் பிள்ளைகளே, சோதனையைக் குறைக்கச் சொல்லி யார் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓடவிட்ட நேரத்தைவிட மூடி வைக்கும் நேரம் நீளமாக இருக்கட்டும். இறுகிய பாறைக்குச் சில வாரங்கள் கூடத் தேவைப்படும். மூடிய பின் அழுத்தம் பழைய இடத்துக்கு வரவில்லையென்றால், அது தொடர்ந்து ஏறிக்கொண்டிருக்கிறதா, ஓரிடத்தில் நின்றுவிட்டதா என்று பாருங்கள். ஏறிக்கொண்டிருந்தால் இறுகிய பாறை இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கிறது, காத்திருங்கள். நின்றுவிட்டால் கிணற்றோடு இணைந்திருக்கும் வாயுத் தேக்கம் சிறியது என்று பொருள். கருவியில் சந்தேகமென்றால் இரண்டாவது கருவியை இறக்குங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு குழாயின் விலையில் தூசு.

ஆய்வுகூட எண்ணை அப்படியே எடுத்துப் போடுவது

கல்லின் உருளைத் துண்டில் வாயுவைச் செலுத்தி அளக்கும்போது அழுத்தம் குறைவு. குறைந்த அழுத்தத்தில் வாயு மூலக்கூறுகள் துளைச் சுவரில் வழுக்கிக்கொண்டு போகும், அதனால் எண் பெரிதாக வரும். 1941இல் கிளிங்கன்பேர்க் காட்டியது இது. பல அழுத்தங்களில் அளந்து, சராசரி அழுத்தத்தின் தலைகீழுக்கு எதிரே புள்ளிகளை வைத்து, கோடு அச்சை வெட்டும் இடத்தை எடுங்கள். இறுகிய கல்லில் இந்த வித்தியாசம் சில மடங்கு கூட இருக்கும். கல்லை நிலத்தடிப் பாரத்துக்கு இணையாக நெருக்கி வைத்து அளப்பதும் கட்டாயம்.

இன்னொன்றும் உண்டு. வெடிப்புள்ள கல் மேலே கொண்டுவரும்போதே உடைந்துபோகும். ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்வது உடையாத துண்டு. நல்ல ஓட்டம் இருந்த இடத்தை யாருமே அளக்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

அடி நீரை மறப்பது

செங்குத்து வெடிப்புகள் வாயுவுக்குக் கீழே கிடக்கும் நீருக்கும் பாதைதான். வேகமாக இழுத்தால் அது மேலே வரும். வந்த பிறகு இறங்காது.

பக்கத்துக் கிணற்றை நகல் எடுப்பது

200 மீற்றர் தள்ளி லாவாப் படிவே முடிந்திருக்கலாம்.

கறுத்த கல்லெல்லாம் எரிமலைக் கல் என்பது

நம் மலையகத்துச் சார்னோகைற்றும் நைசும் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து உருமாற்றியவை. இங்கே எரிமலையைத் தேடாதீர்கள்.