டிபன் வண்டிக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு: நாமே எடுப்பது எப்படி?

2023-ல் குட்டி யானை வண்டியில் இட்லி, தோசை போடக் கிளம்பினோம். பதிவுச் சான்றிதழ் ஒன்றரை மாதம் இழுத்தது. இரண்டாம் முறை நானே உட்கார்ந்து விண்ணப்பித்தேன், ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

முதலில் கணக்கைப் பாருங்கள். நான் விண்ணப்பித்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை 'பதிவு' போதும், அதற்கு மேல் 'உரிமம்'. பதிவுக்கு அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய். விற்றுமுதல் என்றால் லாபம் இல்லை, கல்லாவில் விழும் மொத்தப் பணம். லீவே விடாமல் தினம் 3,300 ரூபாய் ஓடினாலே 12 லட்சம் தாண்டிவிடும்.

புகைப்படம், ஆதாரோடு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் கணக்கு தொடங்குங்கள். போனில் வேண்டாம், லேப்டாப்பில் செய்யுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது 'வணிக வகை' கேட்கும் இடத்தில். முதல் தடவை ஒரு பிரௌசிங் சென்டரில் கொடுத்தேன். அவர்கள் 'உணவகம்' என்று போட்டுவிட்டார்கள். சமையலறை விவரம் கேட்டு அதிகாரி கேள்வி அனுப்பியிருக்கிறார். அது எனக்கு வரவே இல்லை, ஏனென்றால் படிவத்தில் இருந்தது சென்டரின் மின்னஞ்சலும் செல்போன் எண்ணும். வண்டிக்காரர்கள் 'ஹாக்கர்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நடமாடும் உணவு விற்பனை அதில்தான் வரும். யார் பூர்த்தி செய்து கொடுத்தாலும் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். முகவரிக்கு, இரவில் வண்டி நிற்கும் எங்கள் வீட்டைக் கொடுத்தேன்.

சான்றிதழில் 14 இலக்க எண் இருக்கும். 2-ல் தொடங்கினால் பதிவு, 1-ல் தொடங்கினால் உரிமம். லேமினேட் செய்து, வாங்குபவர் கண்ணில் படுகிற மாதிரி மாட்டுங்கள். அடுப்புப் பக்கம் மாட்டினால் ஒரே மாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து மங்கிவிடும்.

பிற்சேர்க்கை: "இது இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாமா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முடியாது. இடத்துக்கு, 2014-ம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். மாநகராட்சியிலோ நகராட்சியிலோ விசாரியுங்கள். இதைப் பார்க்கிற நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதனால் உங்கள் பகுதிச் சங்கத்தில் தயங்காமல் பேசுங்கள்.

இன்னொன்று, வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள். வணிகத்துக்கு 19 கிலோ சிலிண்டர்தான். வண்டியின் பாடியை மாற்றிக் கட்டினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி, ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். பட்டறையில் முன்பணம் கொடுக்கும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.