காரைக்குடியிலிருந்து: க்ளாஸ் மெயிலை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்வது எப்படி?

அப்பத்தாவின் பெட்டகத்தில், ஐயா ரங்கூனிலிருந்து போட்ட கடிதாசிகள் கட்டுக்கட்டாக இன்னும் இருக்கின்றன. பினாங்கிலிருந்து சித்தப்பா எனக்குப் பத்து வருடம் எழுதிய மெயில்களில் இன்று ஒன்றுகூட இல்லை. நான் ரொம்ப நாள் உள்ளே போகாததால் கணக்கையே அழித்துவிட்டார்கள். எத்தனை முறை எழுதிக் கேட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் யார் மெயிலையும் வெறும் பிரவுசரை நம்பி விடுவதில்லை. க்ளாஸ் மெயில் என்ற மெயில் நிரலைப் போட்டு, கடிதங்களைச் சொந்த டிஸ்கில் இறக்கி வைத்துவிடுவேன்.

க்ளாஸ் என்றால் வகுப்பு அல்ல, நகங்கள்; ஆங்கிலத்தில் சி-எல்-ஏ-டபிள்யூ-எஸ். க்ளாஸ் மெயில் 2001-ல் சில்ஃபீட் என்ற மெயில் நிரலிலிருந்து கிளைத்து வந்தது. மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் ஜிபிஎல் உரிமம், இலவசம், பழைய கணினியிலும் ஓடும். கட்டளை தட்டும் திரையான டெர்மினலிலேயே ஓடும் மட் போன்ற மெயில் நிரல்களும் நல்லவைதான். ஆனால் பல டெர்மினல்களில் தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி விழும். தமிழில் கடிதம் படிப்பவர்களுக்கு நான் க்ளாஸைத்தான் சொல்வேன்.

உங்கள் லினக்ஸின் மென்பொருள் கிடங்கிலேயே க்ளாஸ் மெயில் இருக்கும். அது போதுமென்றால் அதையே நிறுவிக்கொள்ளுங்கள். கிடங்கில் இருப்பது பழைய பதிப்பாக இருந்தாலோ, மூலநிரலிலிருந்து ஒரு நிரல் எப்படி உருவாகிறது என்று கையால் செய்து பார்க்க ஆசை இருந்தாலோ தொடர்ந்து படியுங்கள். போன மாதம் கானாடுகாத்தானில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில், லினக்ஸ் மின்ட் போட்ட பழைய டெஸ்க்டாப்பில் செய்ததை அப்படியே எழுதுகிறேன். கட்டளைகளை வாயால் சொல்வதுபோல் தமிழில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

முதலில் சாமான் சேர்ப்போம்

விசேஷ வீட்டுச் சமையல்காரர் அடுப்பு மூட்டுவதற்கு முன் சிட்டையை வைத்துக்கொண்டு சாமானை எல்லாம் சரிபார்ப்பார். இங்கேயும் அதே வேலைதான். மனிதர் எழுதிய மூலநிரலைக் கணினி ஓட்டும் நிரலாக மாற்றும் கம்பைலரும், அந்த வேலையை வரிசையாக நடத்தும் மேக்கும் வேண்டும். கட்டளையின் முன்னால் வரும் சூடோ, அதை நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்

அடுத்து, க்ளாஸ் மெயிலுக்கு வேண்டிய லைப்ரரிகள். திரையில் ஜன்னலையும் பட்டனையும் வரைவது ஜிடிகே. சர்வரிலுள்ள கடிதங்களைப் பார்க்கும் முறையான ஐமேப் வழியாகக் கடிதம் எடுப்பது லிப்எட்பான். வழியில் யாரும் படிக்காமல் பூட்டுவது க்னூடிஎல்எஸ். ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். மின்ட்டில் ‘சாஃப்ட்வேர் சோர்சஸ்’ திறந்து, ‘சோர்ஸ் கோட் ரெபாசிட்டரீஸ்’ என்பதை இயக்கிவிட்டு, இந்த இரண்டையும் கொடுங்கள்:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் பில்ட்-டெப் க்ளாஸ்-மெயில்

கிடங்கிலுள்ள பதிப்பைக் கட்ட என்னென்ன தேவைப்பட்டதோ அத்தனையும் வந்துவிடும். புதிய பதிப்பு கூடுதலாக ஏதாவது கேட்டால் அடுத்த படியில் தெரியும்.

மூலநிரலை க்ளாஸ் மெயிலின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதற்கான கையெழுத்துக் கோப்பும் பக்கத்திலேயே இருக்கும். இறக்கியது அசல்தானா என்று, ஜிபிஜி என்ற நிரல் கொண்டு அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் கடவுச்சொல்லைக் கையில் வாங்கப்போகும் நிரல் இது. பிறகு ‘டார் எக்ஸ்எஃப்’ என்று தட்டி, கோப்பின் பெயரைக் கொடுத்தால் பிரிந்து ஒரு ஃபோல்டராகும். ‘சிடி’ போட்டு அதற்குள் போங்கள்.

கன்ஃபிகர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்

./கன்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=$ஹோம்/.லோக்கல்

வேண்டிய சாமானெல்லாம் கணினியில் இருக்கிறதா என்று பார்த்து, கட்டுவதற்குத் தயார் செய்வதுதான் கன்ஃபிகர். இந்தக் கட்டளையில் ‘ஹோம்’ மட்டும் பெரிய எழுத்து. நிரல் எங்கே போய் உட்கார வேண்டும் என்பதைத்தான் ப்ரிஃபிக்ஸ் சொல்கிறது. அதைக் கொடுக்காவிட்டால் யூஎஸ்ஆர்-லோக்கல் என்ற பொது இடத்துக்குப் போகும், அதற்கு சூடோ வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் சொந்த ஹோமுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. தப்பு நடந்தாலும் சிஸ்டத்தைத் தொடாது.

கானாடுகாத்தானில் இந்த இடத்தில்தான் முதல் தடங்கல். “தம்பி, பில்ட்-டெப் எல்லாம் எதுக்குன்னு நேரா இதைத் தட்டிட்டேன். ஜிடிகே இல்லைங்குது. ஆனா ஜிடிகே ஏற்கெனவே இருக்குதே?” என்றார் ஆசிரியர். திரையில் ‘நோ பேக்கேஜ் ஜிடிகே+-3.0 ஃபவுண்ட்’ என்று இருந்தது.

“இருக்கிறது ஓடுறதுக்கான ஜிடிகே சார். கட்டுறதுக்கு அதோட டெவ் வேணும்.”

இது எல்லோரும் தடுமாறும் இடம். லைப்ரரியின் ஓடும் பகுதி ஒரு பொதி. அதற்குள் என்னென்ன செயல்கள் இருக்கின்றன என்று கம்பைலருக்குச் சொல்லும் தலைப்புக் கோப்புகள் வேறு பொதி. மின்ட், உபுண்டு, டெபியன் மூன்றிலும் இந்த இரண்டாவது பொதியின் பெயர் ‘-டெவ்’ என்று முடியும். ‘இல்லை’ என்று எந்தப் பெயர் வந்தாலும் அதன் டெவ் பொதியைத் தேடி நிறுவிவிட்டு, கன்ஃபிகரை மறுபடி ஓட்டுங்கள்.

தடையில்லாமல் முடிந்தால் கடைசியில் ஒரு பட்டியல் வரும். அதில் ‘ஐமேப்4’ என்ற வரிக்கு எதிரே ‘யெஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். அது முக்கியம். மற்றவற்றில் சில ‘நோ’ இருந்தால் பரவாயில்லை.

மேக்

மேக்

அவ்வளவுதான் கட்டளை. ‘மேக் -ஜே2’ என்றால் இரண்டு கோப்புகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யும். ராம் குறைவான கணினியில் வெறும் மேக்கே போதும். வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். ‘வார்னிங்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். ‘எரர்’ வந்தால்தான் நிற்கும். அப்படி நின்றால் கடைசி வரியைப் படித்துக் குழம்பாதீர்கள். மேலே ஏறிப் போய் முதல் எரரைப் பிடியுங்கள், பெரும்பாலும் மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தவை.

பாதியில் கரண்ட் போனது. சார் முகம் வாடிவிட்டது. மேக்கின் அருமை இங்கேதான் தெரியும். மூலக் கோப்பின் நேரத்தையும், அதிலிருந்து உருவான ‘.ஓ’ கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, முடியாததை மட்டும் செய்யும். கரண்ட் வந்ததும் மறுபடி மேக் என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டும் அரைகுறையாக இருக்கக்கூடும். அதன் பெயரைச் சொல்லி எரர் வந்தால், அந்த ஒரு ‘.ஓ’ கோப்பை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.

ஆனால் எங்களுக்குத் தொடரவில்லை. ‘க்ளாக் ஸ்க்யூ டிடெக்டட்’ என்று எச்சரித்தது. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ செல் தீர்ந்துபோயிருந்தது. கரண்ட் போய் வந்ததும் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது. செய்து முடித்த கோப்புகள் எல்லாம் எதிர்காலத்தில் பிறந்ததாக மேக்குக்குத் தெரிந்தால் அது எதை நம்பும்? தேதியைச் சரிசெய்து, ‘மேக் க்ளீன்’ கொடுத்து, முதலிலிருந்து ஓட்டினோம். மறுநாள் காரைக்குடியில் சிஆர்2032 செல் ஒன்று வாங்கிப் போட்டோம். தேதி தப்பாக இருந்தால் மெயில் சர்வரின் சான்றிதழும் செல்லாது என்று வரும், ஆகவே முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

முடிந்ததும்:

மேக் இன்ஸ்டால்

ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வந்து, டெர்மினலில் ‘க்ளாஸ்-மெயில்’ என்று தட்டினால் திறக்கும். மூலநிரல் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். பின்னால் நீக்க நினைத்தால் அதற்குள் போய் ‘மேக் அன்இன்ஸ்டால்’ கொடுக்க வேண்டியிருக்கும்.

கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுவருதல்

முதல் முறை திறந்ததும் பெயர், முகவரி, சர்வர் எல்லாம் கேட்கும். ஜிமெயில் என்றால் கடிதம் எடுக்க ஐமேப், போர்ட் 993. அனுப்ப எஸ்எம்டிபி, போர்ட் 465. வழக்கமான கடவுச்சொல்லை ஏற்காது. கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள்.

இதோடு நிறுத்திவிட்டால் என் சித்தப்பாவின் கடிதங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். ஐமேப்பில் நீங்கள் பார்ப்பது சர்வரில் இருப்பதன் பிம்பம். அங்கே அழிந்தால் இங்கேயும் போய்விடும். ஃபைல் மெனுவில் ‘ஆட் மெயில்பாக்ஸ்’ போய் ‘எம்ஹெச்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஹோமுக்குள் ஒரு பெட்டி உருவாக்குங்கள். ஐமேப் ஃபோல்டரில் கண்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாக் கடிதங்களையும் தேர்ந்தெடுத்து, ‘காப்பி’ கொடுத்து அந்தப் பெட்டிக்கு அனுப்புங்கள்.

எம்ஹெச் முறையில் ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. பெயர் 1, 2, 3 என்று வெறும் எண். க்ளாஸ் மெயிலே நாளை இல்லாமல் போனாலும் வேறு நிரல் படிக்கும். சார் ஃபைல் மேனேஜரில் அந்தப் பெட்டியைத் திறந்தார். கோப்பு 1, சிங்கப்பூரிலிருந்து மகள் எழுதியது. டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, அனுப்பியவர் வரியையும் தேதி வரியையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு பென் டிரைவ் எடுத்துவந்து, “இதுலயும் ஒரு பிரதி போடு தம்பி” என்றார்.